செல் தானே செய்துகொள்ளும் கோஎன்சைம் க்யூ: ஓர் எளிய அறிமுகம்

கோஎன்சைம் க்யூ10 என்ற பெயரை நம்மில் பலர் முதலில் பார்த்தது மருந்துக்கடையில்தான். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் இதையும் சேர்த்து எழுதித் தருகிறார்கள். குழந்தைப்பேற்றுச் சிகிச்சை பெறுபவர்களின் மருந்துச் சீட்டிலும் இது அடிக்கடி இடம்பெறுகிறது. அட்டையில் இதயத்தின் படமும் ‘சக்தி’, ‘இளமை’ போன்ற சொற்களும் இருக்கும். இவற்றையெல்லாம் பார்த்து, இது வெளியிலிருந்து உடலுக்குள் போக வேண்டிய ஒரு வைட்டமின் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது வைட்டமின் அல்ல. செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கித் தரும் சிற்றுறுப்பான மைட்டோகாண்ட்ரியா உள்ள செல்கள் எல்லாம் இந்த மூலக்கூறைத் தாமே செய்துகொள்கின்றன. உணவின் வழியாக ஒரு நாளைக்கு நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 முதல் 6 மில்லிகிராம் மட்டுமே. இறைச்சி, மத்தி போன்ற கொழுப்பு மீன்கள், வேர்க்கடலை, சோயா எண்ணெய் ஆகியவற்றில் இது கொஞ்சம் இருக்கிறது. இவை எதையும் தொடாதவருடைய இதயமும் தனக்கு வேண்டிய கோஎன்சைம் க்யூவைத் தானே செய்துகொண்டுதான் துடிக்கிறது.

எனவே ‘எந்த மாத்திரை நல்லது?’ என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, செல் இதை எப்படிச் செய்கிறது, எங்கே வைத்துச் செய்கிறது, செய்ய முடியாமல் போனால் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். பல பல்கலைக்கழகக் குழுக்கள் இந்தக் கேள்விகளோடு பல்லாண்டுகளாக உழைத்துவருகின்றன. அவற்றில் நான் இங்கே அதிகம் பேசப்போவது லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிளார்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியரின் குழுவைப் பற்றி. அந்தக் குழு தன் கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டது மனிதர்களிடம் அல்ல, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டிடம்.

அதற்கு முன் கோஎன்சைம் க்யூ செய்யும் வேலை என்னவென்று பார்த்துவிடலாம்.

சவ்வுக்குள் நடக்கும் போக்குவரத்து

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக இருக்கும். நாம் உண்ட சோறும் எண்ணெயும் படிப்படியாகச் சிதைந்து வரும்போது அவற்றிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன. உட்சவ்வில் பதிந்திருக்கும் பெரிய புரதக் கூட்டமைப்புகள் அந்த எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றுகின்றன. கடைசியில் அவை நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனுடன் சேர, நீர் உண்டாகிறது. இப்படிக் கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலால் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே குவிந்த புரோட்டான்கள் ஒரு புரதத்தின் வழியாக மீண்டும் உள்ளே பாயும்போது ஏடிபி உருவாகிறது. செல்லில் நடக்கும் பெரும்பாலான வேலைகளுக்குச் செலவாவது இந்த ஏடிபிதான். வளர்ந்த ஒருவரின் உடல் ஒரு நாளில் செய்து செலவழிக்கும் ஏடிபியின் அளவு ஏறத்தாழ அவருடைய உடல் எடைக்கு நிகரானது என்று கணக்கிடுகிறார்கள். செய்ததையே உடைத்து, உடைத்ததையே மறுபடி செய்து அந்த அளவு வருகிறது.

இந்தக் கைமாற்றலில் ஓர் இடைவெளி இருக்கிறது. எலக்ட்ரான்களைப் பெற்று வைத்திருப்பவை முதலாம், இரண்டாம் கூட்டமைப்புகள். அவற்றை வாங்கிக்கொள்ள வேண்டியது மூன்றாம் கூட்டமைப்பு. இடையில் இருப்பதோ எண்ணெய்த்தன்மை கொண்ட சவ்வு. அந்த இடைவெளியைக் கடத்திவிடுவதுதான் கோஎன்சைம் க்யூவின் வேலை. ஆற்றின் இரு கரைகளுக்கு இடையே போய்வரும் பரிசலைப் போல, ஒரு கரையில் இரண்டு எலக்ட்ரான்களையும் கூடவே இரண்டு புரோட்டான்களையும் ஏற்றிக்கொண்டு, மறுகரையில் இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்புகிறது. ஏற்றிய நிலையில் அதற்கு யூபிகுவினால் என்றும், இறக்கிய நிலையில் யூபிகுவினோன் என்றும் பெயர். கடைகளில் இரண்டு பெயர்களிலும் மாத்திரைகள் விற்கப்படுவதற்குக் காரணம் இதுதான். உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால், அந்த இரண்டில் எது உயர்ந்தது என்று நடக்கும் விளம்பரப் போட்டிக்கு நாம் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தப் பரிசலுக்கு ஏறுதுறைகள் பல. கொழுப்பு அமிலங்களை எரிக்கும் பாதையிலிருந்து எலக்ட்ரான்கள் வேறொரு புரதத்தின் வழியாக வந்து இதில் ஏறுகின்றன. டிஎன்ஏவுக்குத் தேவையான பிரிமிடின்களைச் செய்யும் பாதையில் ஒரு நொதிக்கு எலக்ட்ரானை ஒப்படைக்க இது வேண்டும். செல்லுக்குள் உண்டாகும் நச்சான ஹைட்ரஜன் சல்ஃபைடை அப்புறப்படுத்தும் நொதிக்கும் இது வேண்டும். எனவே கோஎன்சைம் க்யூ குறையும்போது ஆற்றல் மட்டும் குறைகிறது என்று நினைத்தால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

இது கண்டுபிடிக்கப்பட்டது 1957இல். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் என்பவர் மாட்டு இதயத்திலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இங்கிலாந்தின் லிவர்பூலில் மார்ட்டன் என்பவரின் குழுவும் தனியே இதே பொருளை வந்தடைந்திருந்தது. அடுத்த ஆண்டு கார்ல் ஃபோக்கர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் அதன் வேதியமைப்பை வெளியிட்டனர். சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையிலான புரோட்டான் வேறுபாடுதான் ஏடிபி உருவாகக் காரணம் என்று 1961இல் சொன்னவர் பீட்டர் மிட்செல். அப்போது பலர் அதை ஏற்கவில்லை. கோஎன்சைம் க்யூ கொண்டுவரும் இரண்டு எலக்ட்ரான்களும் மூன்றாம் கூட்டமைப்பில் வெவ்வேறு வழியில் பிரிந்து, ஒன்று முன்னே போக, மற்றொன்று திரும்பி வேறொரு கோஎன்சைம் க்யூவிடமே சேர்கிறது என்ற விளக்கத்தை அவர் 1975இல் முன்வைத்தார். கடத்தப்படும் புரோட்டான்களின் கணக்கு அதற்கு முன் சரியாக வராமல் இருந்தது. இந்தச் சுழற்சியைச் சேர்த்த பிறகு சரியாக வந்தது. 1978இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

தலையும் வாலும்

இந்த மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு வாலும் உண்டு. எலக்ட்ரானை வாங்குவதும் கொடுப்பதும் வளைய வடிவிலான தலை. மூலக்கூறைச் சவ்வின் எண்ணெய்ப் பகுதியிலேயே இருத்தி வைப்பது வால். ஐந்து கார்பன்கள் கொண்ட ஐசோபிரீன் அலகுகள் வரிசையாக இணைந்து வால் உருவாகிறது. மனிதரில் அந்த அலகுகள் பத்து, அதனால்தான் க்யூ10. ஈஸ்ட்டில் ஆறு. எலியில் பெரும்பகுதி ஒன்பது. ஈ.கோலை பாக்டீரியாவில் எட்டு. வால் நீளம் மாறினாலும் தலை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஈஸ்ட்டில் கற்பதை மனிதருக்குப் பொருத்திப் பார்க்க முடிவதற்கு இந்த ஒற்றுமை முக்கியக் காரணம்.

நம் செல்லில் தலை பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்குகிறது. டைரோசின் சில படிகள் மாறி, 4-ஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலம் என்ற சிறிய வளையப் பொருளாகிறது. பெயர் நீளமாக இருந்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வால் வருவது கொலஸ்ட்ரால் உருவாகும் அதே பாதையிலிருந்து. அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே ஒரு நொதியைத் தடுப்பவை ஸ்டாட்டின் மருந்துகள். ஸ்டாட்டினையும் க்யூ10ஐயும் சேர்த்துப் பேசுவது இதனால்தான். வால் தயாரானதும் அது தலையுடன் இணைக்கப்படும். அதன்பின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் திருத்துகின்றன. ஒன்று ஆக்சிஜனைச் சேர்க்கும், ஒன்று மெத்தில் தொகுதியைச் சேர்க்கும், ஒன்று தேவையற்ற கார்பனை நீக்கும்.

இந்தத் திருத்தங்களைச் செய்யும் நொதிகளைக் கண்டறிந்த கதையில்தான் ஈஸ்ட் வருகிறது.

ஈஸ்ட்டைக் கேட்டு அறிந்தவை

ஈஸ்ட் இரண்டு விதமாக வாழக்கூடியது. குளுக்கோஸ் கிடைத்தால் அதை நொதிக்க வைத்தே பிழைத்துக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியா சரியாக வேலை செய்யாவிட்டாலும் சாகாது. கிளிசரால் மட்டும் கொடுத்தால் அதை நொதிக்க வைக்க முடியாது, ஆக்சிஜனைக் கொண்டு சுவாசித்துத்தான் ஆக வேண்டும். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதியான உயிரி கிடைப்பது கடினம். மனிதக் கருவில் கோஎன்சைம் க்யூ அறவே உருவாகாவிட்டால் கரு பிழைக்காது, எனவே ஆராய எதுவும் மிஞ்சாது. ஈஸ்ட்டில் அந்தக் குறையோடே செல்லை உயிருடன் வைத்து, கேள்வி கேட்க முடிகிறது. ஒரு தட்டில் குளுக்கோஸ், இன்னொரு தட்டில் கிளிசரால். முதல் தட்டில் வளர்ந்து இரண்டாம் தட்டில் வளராத ஈஸ்ட், சுவாசத்தில் எங்கோ பழுதுபட்டது.

அப்படிப் பழுதுபட்ட ஈஸ்ட் வகைகளின் பெரிய தொகுப்பு ஒன்றைக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சகோலோஃப் உருவாக்கி வைத்திருந்தார். அவற்றுள் ஒரு பகுதி, கோஎன்சைம் க்யூவைச் செய்ய முடியாதவை. கிளார்க் குழு அத்தகைய வகைகளை எடுத்து, எந்த மரபணு பழுது என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கியது. 1991இல் கோக்3 என்ற மரபணுவைத் தனித்துப் பிரித்து அதன் வரிசையை வெளியிட்டது. அடுத்த ஆண்டுகளில் உலகின் பல குழுக்களின் உழைப்பால் கோக்1 முதல் கோக்9 வரை பட்டியல் நீண்டது, பின்னர் மேலும் சில சேர்ந்தன. மனிதரிலும் இவற்றுக்கு இணையான மரபணுக்கள் இருக்கின்றன.

இணையானவை என்று எப்படி உறுதிப்படுத்துவது? மனித மரபணுவை எடுத்துப் பழுதான ஈஸ்ட்டுக்குள் வைத்து, கிளிசரால் தட்டில் விட்டுப் பார்ப்பார்கள். மனித கோக்3 மரபணுவைப் பெற்ற ஈஸ்ட் கிளிசராலில் வளர்ந்ததை கிளார்க் குழு 2000இல் காட்டியது. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் பொது மூதாதை வாழ்ந்தது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அவ்வளவு காலம் பிரிந்திருந்த பிறகும் நம்முடைய ஒரு புரதம் அங்கே போய் வேலையைத் தொடர்கிறது என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இதில் மருத்துவப் பயனும் உண்டு. ஒரு நோயாளியிடம் புதிய மரபணு மாற்றம் ஒன்று தெரியவந்தால், அது கெடுதல் செய்வதா, சும்மா இருப்பதா என்பதை அந்த மாற்றத்தை ஈஸ்ட்டில் வைத்தே சோதிக்க முடியும்.

பட்டியல் நீண்டுகொண்டிருந்தபோது ஒரு புதிரும் கூடவே வந்தது. ஒரு பாதையில் ஐந்தாவது நொதி பழுதானால் நான்காவது படியின் பொருள் தேங்க வேண்டும், ஏழாவது பழுதானால் ஆறாவதின் பொருள் தேங்க வேண்டும். பாடப்புத்தகம் சொல்வது அப்படித்தான். ஆனால் கோக்3 முதல் கோக்9 வரை எந்த மரபணுவை முற்றிலும் நீக்கினாலும் ஈஸ்ட்டில் தேங்கியது பெரும்பாலும் ஒரே பொருள்தான்: வால் இணைந்த உடனே கிடைக்கும், இன்னும் எந்தத் திருத்தமும் செய்யப்படாத தொடக்கநிலைப் பொருள். ஒரு நொதி போனதும் மற்ற சில நொதிகளின் அளவும் சேர்ந்தே குறைந்தது. இந்த நொதிகள் தனித்தனியாக மிதக்கவில்லை, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்து ஒரே பெரிய கூட்டமைப்பாக இருக்கின்றன என்ற முடிவுக்கு கிளார்க் குழு வந்தது. பின்னர் நுண்ணோக்கியில் ஒளிரும் புள்ளிகளாக அந்தக் கூட்டமைப்புகளைப் பார்க்கவும் முடிந்தது. மைட்டோகாண்ட்ரியாவும், செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வுப் பின்னலான எண்டோபிளாச வலையும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் அவை அமைகின்றன என்பதை 2019இல் டேவிஸ் நகரக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோடி நன்னாரி குழுவும் கிளார்க் குழுவும் சேர்ந்து வெளியிட்டன. கோஎன்சைம் க்யூ மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் அல்ல, செல்லின் எல்லாச் சவ்வுகளிலும் இருக்கிறது. எனவே அது உருவாகும் இடம் இரண்டு உறுப்புகளின் எல்லையில் இருப்பது பொருளுள்ள செய்தி.

எரியாமல் காக்கும் வேலை

கோஎன்சைம் க்யூவுக்கு இரண்டாவது பணி ஒன்றும் உண்டு. ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல்லை விளம்பரங்களில் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துப்போயிருக்கலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள வேதியியலைக் காட்டும் தெளிவான சோதனை ஒன்று 1996இல் கிளார்க் குழுவிலிருந்து வந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

எண்ணெய்கள் நாள்பட்டால் காறிப்போகின்றன அல்லவா? கொழுப்பு அமிலத்தில் இரட்டைப் பிணைப்புகள் அதிகமாக இருந்தால் ஆக்சிஜன் அதை எளிதில் தாக்குகிறது. தாக்கப்பட்ட ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதைத் தாக்க, அது அடுத்ததைத் தாக்க, தொடராகப் பரவும். நம் செல் சவ்வுகளிலும் அத்தகைய கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்டோ அவற்றைத் தானே செய்வதில்லை, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றை மட்டும் செய்கிறது. ஆனால் வெளியிலிருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்.

கோஎன்சைம் க்யூ இல்லாத ஈஸ்ட்டுக்கு, ஒரு இரட்டைப் பிணைப்பு உள்ள ஒலியிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். எதுவும் ஆகவில்லை. மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ள லினோலெனிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இயல்பான ஈஸ்ட்டோ அதே அமிலத்தைத் தாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். கோஎன்சைம் க்யூ இல்லாத ஈஸ்ட்டால் சுவாசிக்கவும் முடியாது. சுவாசிக்க முடியாத பலவீனத்தால்தான் செத்திருக்குமோ? அதையும் சோதித்தார்கள். சுவாசிக்க முடியாத, ஆனால் கோஎன்சைம் க்யூ உள்ள வேறு ஈஸ்ட் வகைகளுக்கு அதே லினோலெனிக் அமிலத்தைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. ஆக, காப்பாற்றியது கோஎன்சைம் க்யூதான். எலக்ட்ரான் ஏறிய நிலையில் உள்ள அந்த மூலக்கூறு, பரவிக்கொண்டிருக்கும் தாக்குதலுக்குத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. வைட்டமின் ஈ செய்யும் வேலையும் இதே வகைதான். செலவாகிப்போன வைட்டமின் ஈயை மறுபடி பயன்படும் நிலைக்குக் கொண்டுவரவும் கோஎன்சைம் க்யூ உதவுகிறது.

பின்னாளில் இதே ஈஸ்ட்டைக் கொண்டு இன்னொரு நுட்பமான சோதனையையும் செய்தார்கள். கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜன் முதலில் தாக்கும் இடத்தில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக, எடை கூடிய டியூட்டீரியத்தை வைத்தார்கள். டியூட்டீரியத்தைப் பிடுங்குவது கடினம். அந்த அமிலத்தைக் கொடுத்தபோது கோஎன்சைம் க்யூ இல்லாத ஈஸ்ட்டும் பிழைத்தது. கொன்றது அந்த ஒற்றைப் பிணைப்பில் தொடங்கும் தாக்குதல்தான் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

2019இல் கதை மேலும் விரிந்தது. கொழுப்புகள் இப்படி ஆக்சிஜனேற்றம் அடைவதால் செல் சாகும் முறைக்கு ஃபெரப்டோசிஸ் என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் புறச்சவ்வில் கோஎன்சைம் க்யூவை எலக்ட்ரான் ஏறிய நிலையிலேயே வைத்திருந்து அந்தச் சாவைத் தடுக்கும் புரதம் ஒன்றை இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் அறிவித்தன. அதன் பெயர் எஃப்எஸ்பி1. சில புற்றுநோய்ச் செல்கள் இந்தக் காப்பைப் பயன்படுத்திப் பிழைக்கின்றன என்பதால் இன்று புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களும் கோஎன்சைம் க்யூவைப் படிக்கிறார்கள். நல்லதைக் காக்கும் மூலக்கூறு கெட்டதையும் காக்கும். ‘அதிகம் இருந்தால் அதிக நன்மை’ என்று அட்டையில் எழுதுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

புழுவின் ஆயுள்

முதுமையைப் பற்றிய பகுதியில் கிளார்க் குழுவின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. 2002இல் பமேலா லார்சனும் கேத்தரின் கிளார்க்கும் சயன்ஸ் இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். சி.எலிகன்ஸ் என்ற சிறு புழு ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது. கோஎன்சைம் க்யூ செய்ய முடியாத பாக்டீரியாவை அதற்கு உணவாகக் கொடுத்தால் அது வழக்கத்தைவிட அதிக நாள் உயிர் வாழ்ந்தது. இந்த மூலக்கூறைக் கூட்டினால் இளமை நீளும் என்று கடைகள் சொல்லிக்கொண்டிருக்க, உணவில் அது இல்லாதபோதுதான் புழு நீண்ட நாள் வாழ்ந்தது. செய்தி பரவியது.

அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் குழு நிற்கவில்லை. உணவில் கோஎன்சைம் க்யூ இல்லாததால் ஆயுள் நீண்டதா, அல்லது அந்தப் பாக்டீரியாவின் வாழ்முறையே மாறியதாலா என்று பிரித்துச் சோதித்தார்கள். கோஎன்சைம் க்யூ இருந்தும் வேறு காரணத்தால் சுவாசிக்க முடியாத பாக்டீரியாவைக் கொடுத்தாலும் புழுவின் ஆயுள் நீண்டது. ஆகவே காரணம் பாக்டீரியாவின் மாறிய வளர்சிதை மாற்றம், கோஎன்சைம் க்யூவின் அளவு அல்ல என்று 2008இல் அவர்களே எழுதினார்கள். சுவாசிக்க முடியாத பாக்டீரியா புழுவின் குடலில் பெருகுவது தாமதமாகிறது என்பதை 2012இல் காட்டினார்கள். புகழ் தந்த முடிவுக்குத் தாங்களே வேறு விளக்கம் கண்டு, அதையும் அதே அக்கறையோடு வெளியிடுவதுதான் அறிவியலில் நம்பிக்கைக்கு உரிய நடத்தை. இணையத்தில் 2002இன் முடிவு இன்னமும் தனியாகப் பகிரப்படுகிறது. அதைப் பார்த்தால் 2008ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செய்ய முடியாமல் போனால்

கோஎன்சைம் க்யூ குறைபாடு மனிதரில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது 1989இல், தசை பலவீனத்தால் அவதிப்பட்ட இரு சகோதரிகளிடம். இத்தகைய பிறவிக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் முதன்முதலாக 2006இல் கோக்2 மரபணுவில் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே நோய் வெளிப்படும். இது அரிய நோய். எந்த மரபணு என்பதைப் பொறுத்து உறுப்பும் மாறுகிறது. கோக்8ஏ என்றால் சிறுமூளை பாதித்து நடை தள்ளாடும். கோக்2, கோக்6, கோக்8பி என்றால் பெரும்பாலும் சிறுநீரகம்.

சிறுநீரகத்தைப் பற்றிப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. சிறுநீரில் புரதம் அதிகமாகக் கழிந்து உடல் வீங்கும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் அவ்வப்போது காணப்படுவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு மருந்திலேயே அது கட்டுப்பட்டுவிடும். கட்டுப்படாத சிலரில் ஒரு சிறு பகுதிக்குக் காரணம் இந்த மரபணுக்கள். அவர்களுக்கு ஸ்டீராய்டை மேலும் மேலும் கொடுப்பதில் பயனில்லை. நேரத்தோடு மரபணுப் பரிசோதனை செய்து, அதிக அளவில் க்யூ10 தொடங்கினால் சிலரிடம் புரதக் கழிவு குறைகிறது. க்யூ10 மாத்திரை உண்மையான மருந்தாக வேலை செய்யும் இடம் இதுதான். ஆனால் மூளை பாதித்தவர்களிடம் இதே மாத்திரை பல நேரங்களில் ஏமாற்றுகிறது. நீண்ட வாலோடு கூடிய இந்தக் கனமான மூலக்கூறு குடலிலேயே சரியாக உறிஞ்சப்படுவதில்லை, மூளைக்குள் போவது அதைவிடக் கடினம்.

முழு மூலக்கூறையும் கொடுப்பதற்குப் பதிலாக, செல் தானே செய்துகொள்ளத் தேவையான சிறு பொருளைக் கொடுத்தால் என்ன? இந்த எண்ணம்தான் இப்போது என்னை மிகவும் ஈர்க்கிறது. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தில் லூயிஸ் கார்லோஸ் லோபஸ் குழு, கோக்9 பழுதான எலிகளுக்கு 4-ஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலத்தை ஒத்த ஒரு பொருளைக் கொடுத்து, பழுதான படியையே தாண்டவைத்து, அவற்றின் ஆயுளை நீட்டியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பேகோல்ட் குழு வேறொரு வழியில் வந்தது. டைரோசினிலிருந்து தலை வளையம் உருவாகும் பாதையில் எச்பிடிஎல் என்ற புரதம் ஒரு படியைச் செய்கிறது என்று கண்டறிந்தது. அது பழுதான எலிக்குட்டிகள் பிழைப்பதில்லை. பாதையில் அதற்கு அடுத்து வரும் பொருட்களைக் கொடுத்தபோது பிழைத்தன. அதே மரபணு பழுதாகி, நடக்கும் திறனை வேகமாக இழந்துவந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிறப்பு அனுமதியுடன் 4-ஹைட்ராக்ஸிபென்சோயிக் அமிலம் கொடுக்கப்பட்டது. அவன் மீண்டும் நீண்ட தூரம் நடந்தான். 2025இல் நேச்சர் இதழ் இதை வெளியிட்டது. ஒரே ஒரு குழந்தை என்பதால் பொது முடிவு எதுவும் இதிலிருந்து எடுக்க முடியாது. என்றாலும் பாதையின் ஒவ்வொரு படியையும் பொறுமையாக வரைந்த அடிப்படை ஆராய்ச்சி இல்லாமல் இப்படி ஒரு மருந்தை யாரும் நினைத்திருக்கவே முடியாது.

மற்றவர்களுக்கு மாத்திரை?

பிறவிக் குறைபாடு இல்லாதவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இதயச் செயலிழப்பு உள்ள 420 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் க்யூ10 கொடுத்து இரண்டு ஆண்டுகள் கவனித்த க்யூ-சிம்பியோ ஆய்வு 2014இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களிடம் கடுமையான இதயப் பாதிப்புகள் குறைவாக இருந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் இன்னும் பெரிய ஆய்வு வேண்டும். பார்க்கின்சன் நோயில் 600 பேரிடம் நாளுக்கு 1200, 2400 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு, பயன் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய்க்கான பெரிய ஆய்வுக்கும் அதே முடிவு. மைட்டோகாண்ட்ரியா பழுதாவதும் அந்த நோய்களோடு தொடர்புடையது என்பது உண்மை. அதிலிருந்து க்யூ10 கொடுத்தால் சரியாகும் என்று தாவ முடியாது.

ஸ்டாட்டின் எடுப்பவர்களின் இரத்தத்தில் க்யூ10 அளவு குறைகிறது. அதற்கு ஒரு காரணம், கொலஸ்ட்ராலோடு அதையும் இரத்தத்தில் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்களே குறைந்துவிடுவது. ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்கு க்யூ10 உதவுமா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்திருக்கின்றன. வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஸ்டாட்டினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் க்யூ10 எழுதித் தந்திருந்தால், கொழுப்புள்ள உணவோடு சேர்த்து எடுத்தால்தான் ஓரளவாவது உறிஞ்சப்படும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் மருந்தை எடுப்பவர்கள் க்யூ10 தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டாக வேண்டும், ஏனென்றால் அந்த மருந்தின் வீரியத்தை இது குறைத்துவிடக்கூடும்.

இன்னும் திறந்திருக்கும் கேள்விகள்

1957இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு மூலக்கூறைப் பற்றி இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும் என்று தோன்றலாம். தலை வளையத்திலிருந்து ஒரு கார்பனை நீக்கும் படியை எந்தப் புரதம் செய்கிறது என்பது ஈஸ்ட்டிலும் மனிதரிலும் வெகுகாலம் தெரியாமலே இருந்தது. அதைச் செய்வது கோக்4 என்று பிரான்ஸின் கிரனோபில் நகரத்தில் ஃபேபியன் பியரல் குழு 2024இல்தான் காட்டியது. கோக்4இன் பெயர் அதற்கு முன் பல ஆண்டுகளாகப் பட்டியலில் இருந்தது. கூட்டமைப்பைப் பிடித்து நிறுத்தும் தூண் மட்டும்தான் அது என்று பலர் எண்ணியிருந்தார்கள்.

செய்து முடித்த கோஎன்சைம் க்யூ மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே எப்படிப் போகிறது என்பது இப்போது சூடாகத் துருவப்படும் கேள்வி. இந்த மூலக்கூறு நீரில் கரைவதே இல்லை. இடையிலோ நீர்மயமான செல் திரவம். டேவிட் பக்லியாரினி குழு 2021இல் ஈஸ்ட்டில் இந்தப் பகிர்வைக் கட்டுப்படுத்தும் இரண்டு புரதங்களை அடையாளம் கண்டது. ஜெர்மனியில் தாமஸ் லாங்கர் குழு 2023இல் மனிதச் செல்களில் ஸ்டார்டி7 என்ற புரதம் கோஎன்சைம் க்யூவைப் புறச்சவ்வுக்குக் கொண்டுபோக உதவுவதைக் காட்டியது. மற்ற சவ்வுகளுக்கு எது கொண்டுபோகிறது, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று செல் எப்படித் தீர்மானிக்கிறது, கோக்8ஏவும் கோக்8பியும் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் முதலாவது பழுதானால் மூளையும் இரண்டாவது பழுதானால் சிறுநீரகமும் ஏன் பாதிக்கப்படுகின்றன என்பவற்றைத்தான் இந்தக் குழுக்கள் இனிக் கேட்க இருக்கின்றன.